400 மெகாஹெர்ட்ஸுக்கு 206 ஈடுகொடுத்தது தெரியுமா?

பெட்டியின் மேல் 400 மெகாஹெர்ட்ஸ் என்று பெரிதாக அச்சடித்து வந்த ஒரு கையடக்கக் கணினி, 206 மெகாஹெர்ட்ஸில் ஓடிய தன் அண்ணனை முந்த முடியாமல் மூச்சு வாங்கியது தெரியுமா? நடந்தது 2002-ல். காம்பேக் நிறுவனத்தின் ஐபேக் அப்போது உலகமெங்கும் பேசப்பட்ட கருவி. முதலில் வந்த ஐபேக்குகளில் ஸ்ட்ராங்ஆர்ம் என்ற சில்லு இருந்தது, வேகம் 206. அடுத்து வந்தவற்றில் இன்டெலின் எக்ஸ்ஸ்கேல் பிஎக்ஸ்ஏ250, வேகம் 400. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு! காசைக் கொட்டி வாங்கியவர்கள் ஆசையாகத் திறந்து பார்த்தால், பல வேலைகளில் பழைய வேகமேதான்.

எப்படி? சில்லு 400-ல் ஓடியது உண்மை. ஆனால் அது நினைவகத்தோடு பேசும் பாதை 100-ல்தான் ஓடியது. பாக்கெட் பிசி 2002 என்ற இயங்குதளமும் பழைய தலைமுறைச் சில்லை மனதில் வைத்து எழுதப்பட்டிருந்தது. உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலையில் பறந்து வருகிற கார், கச்சிராயபாளையம் தாண்டி வெள்ளிமலைக்கு ஏறும் வளைவுகளில் என்ன வேகத்தில் போகும்? இன்ஜின் பெரிதாக இருந்து என்ன பயன், பாதை விட்டால்தானே! அடுத்த ஆண்டே பிஎக்ஸ்ஏ255 வந்தது. அதே 400 தான். ஆனால் நினைவகத்துக்குப் போகும் உள்பாதையை 200 ஆக்கியிருந்தார்கள். வித்தியாசம் கையில் எடுத்தவுடனே தெரிந்தது!

பழைய கையடக்கக் கருவி வாங்கக் கிளம்பும் ஒவ்வொருவரும் இந்தக் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் ஆசை. கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்களும், கல்வராயன் மலையிலிருந்து கீழே இறங்கி விடுதியில் தங்கிப் படிக்கிற பிள்ளைகளும், புது டேப்லெட் விலையைக் கேட்டுவிட்டுப் பழையதைத் தேடுகிறார்கள். அவர்கள் கொடுக்கிற ஒவ்வொரு ரூபாயும் உழைத்த காசு. பெட்டியில் எழுதியிருக்கும் எண்ணைப் பார்த்து அந்தக் காசு வீணாகக் கூடாது.

அதே சில்லு நம் ஊர்ப் பக்கத்திலும் இருந்தது தெரியுமா?

ஐபேக்கில் இருந்த அதே 206 மெகாஹெர்ட்ஸ் ஸ்ட்ராங்ஆர்ம், பெங்களூரில் உருவான ஒரு கையடக்கக் கணினியிலும் துடித்தது! அதன் பெயர் சிம்ப்யூட்டர். இந்திய அறிவியல் கழகத்தின் விஜய் சந்துரு, சுவாமி மனோகர், ரமேஷ் ஹரிஹரன், வி. வினய் ஆகியோரும் என்கோர் சாஃப்ட்வேர் நிறுவனத்தாரும் சேர்ந்து வடிவமைத்தது. 2001 ஏப்ரலில் மாதிரிக் கருவியை வெளியே காட்டினார்கள். உள்ளே லினக்ஸ். 320-க்கு 240 புள்ளிகள் கொண்ட கறுப்பு வெள்ளைத் திரை. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் பயன்பட வேண்டும் என்று, எழுத்தை இந்திய மொழிகளில் வாய்விட்டுப் படித்துக் காட்டும் வசதி!

இதில் என்னை மயக்குவது ஒரு சின்னத் துளை. ஸ்மார்ட் கார்டு செருகும் துளை அது. ஒரு கிராமத்துக்கு ஒரு கருவி போதும்; ஆளுக்கொரு அட்டை. அட்டையைச் செருகினால் அது உங்கள் கணினி, எடுத்துவிட்டால் அடுத்தவர் கணினி. கணினி வாங்க வசதியில்லாத ஊருக்கு இதைவிட அழகாக யோசிக்க முடியுமா? இன்று மலைக் கிராமத்து ரேஷன் கடையில் விற்பனையாளர் கையில் ஒரு கருவி, குடும்பத்தின் கையில் ஒரு ஸ்மார்ட் அட்டை. தமிழ்நாட்டில் அந்த அட்டைகள் 2017-ல் வரத் தொடங்கின. ஊருக்கு ஒரு கருவி, வீட்டுக்கு ஓர் அட்டை என்ற யோசனையை சிம்ப்யூட்டர்காரர்கள் அத்தனை ஆண்டுகளுக்கு முன்பே யோசித்துவிட்டார்கள்.

2004 மார்ச்சில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் தயாரிப்பில் 'அமிடா சிம்ப்யூட்டர்' கடைக்கு வந்தது. தொடக்க விலை ஏறக்குறைய 10,000 ரூபாய். கையை லேசாக அசைத்தால் பக்கம் திரும்பும்! அசைவை உணரும் கருவி உள்ளேயே இருந்தது. ஐபோன் வருவதற்கு 3 ஆண்டுகள் முன்னால்! ஆயினும் விற்றது சில ஆயிரம்தான். ஆளுக்கொரு செல்போன் என்ற அலை அதை அடித்துக்கொண்டு போய்விட்டது. பழைய கருவிகளைத் தேடிச் சேர்ப்பவர்கள் கையில் ஓர் அமிடா கிடைத்தால் விடவே கூடாது என்பேன்.

இன்னொன்று. ஸ்ட்ராங்ஆர்மில் தசமக் கணக்குக்கென்று தனி உறுப்பு கிடையாது. முழு எண் கணக்கில் பாய்ந்தோடும், 3.14159 என்று தசமம் வந்தால் எல்லாவற்றையும் மென்பொருளில் சுற்றிவளைத்துச் செய்ய வேண்டும். அப்போது நடை தளர்ந்துவிடும். ஒரே சில்லு, ஒரே வேகம். ஆனால் எந்தக் கணக்கைக் கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்து அது குதிரையாகவும் இருக்கும், ஆமையாகவும் இருக்கும்!

மரக்கட்டையில் பிறந்த கணினி தெரியுமா?

கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. மரத்தைத் தொட்டு வளர்ந்த ஊருக்கு இந்தச் செய்தி பிடிக்கும்: உலகில் லட்சக்கணக்கில் விற்ற பாம் பைலட் கணினி முதலில் ஒரு மரக்கட்டை! அதை உருவாக்கிய ஜெஃப் ஹாக்கின்ஸ், சட்டைப் பைக்குள் அடங்கும் அளவில் ஒரு கட்டையை வெட்டி, போகிற இடமெல்லாம் எடுத்துப் போனார். யாராவது தொலைபேசி எண் கேட்டால் கட்டையை எடுத்துத் தட்டுவதுபோல் பாவனை செய்வார். எந்தப் பொத்தான் எங்கே வேண்டும், எது வேண்டவே வேண்டாம் என்று அந்தக் கட்டையே அவருக்குச் சொன்னது. அது இப்போது அமெரிக்காவில் கணினி வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

1996-ல் வந்த முதல் பைலட்டின் வேகம் வெறும் 16 மெகாஹெர்ட்ஸ். நினைவகம் 128 கிலோபைட். சிரிக்கத் தோன்றுகிறதா? 1984-ல் உலகை வியக்கவைத்த முதல் மேக்கின்டோஷ் கணினியிலும் அதே 128 கிலோபைட்தான். சில்லும் அதே 68000 குடும்பம். வேகமோ 8-ஐக்கூடத் தொடவில்லை. மேசை மேல் இருந்தது 12 ஆண்டில் சட்டைப் பைக்குள் வந்துவிட்டது, அதுவும் இரட்டை வேகத்தில்!

பழைய பாம் கருவி கிடைத்தால் நாட்காட்டிப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். விரல் எடுப்பதற்குள் திறந்திருக்கும். நிரல்களை வேறெங்கிருந்தோ இழுத்துவந்து ஏற்ற வேண்டிய வேலையே அதற்குக் கிடையாது. இருந்த இடத்திலேயே ஓடும். 206-ல் ஓடிய கருவிகள் பலவற்றைவிட இந்த 16 சுறுசுறுப்பாகத் தெரிந்ததன் ரகசியம் அதுதான். மெகாஹெர்ட்ஸை மட்டும் வைத்துப் பட்டியல் போட்டவர்கள் அத்தனை பேரும் இதைத் தவறவிட்டார்கள்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. அந்தக் கால பாம்களில் பேட்டரி முழுக்கத் தீர்ந்துபோனால் உள்ளே சேர்த்துவைத்த அத்தனையும் காணாமல் போகும். பேட்டரி மாற்ற ஏறக்குறைய ஒரு நிமிடம்தான் அவகாசம். ஆகவே வாங்கும்போது பேட்டரியைக் கழற்றி மாட்டிச் சோதிப்பதற்கு முன், உள்ளே விற்பவருக்கு வேண்டியது ஏதும் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பெட்டிக்கடை பேட்டரியில் வாரக்கணக்கில் ஓடும் கணினி தெரியுமா?

1994-ல் ஹெச்பி வெளியிட்ட 200எல்எக்ஸ்: 8 மெகாஹெர்ட்ஸுக்குக் கொஞ்சம் குறைவு. மூடினால் கண்ணாடிக்கூடு அளவு. உள்ளே முழு டாஸ், லோட்டஸ் 1-2-3 விரிதாள்! உணவு இரண்டே இரண்டு ஏஏ பேட்டரி; அளவாகப் பயன்படுத்தினால் வாரக்கணக்கில் ஓடும். 1997-ல் இங்கிலாந்திலிருந்து வந்த சையான் சீரிஸ் 5-க்கும் அதே இரண்டு பேட்டரிதான். திறக்கும்போது விசைப்பலகை முன்னால் நழுவி வரும் அழகை எத்தனை தடவை பார்த்தாலும் அலுக்காது.

மழைக்காலத்தில் மரம் விழுந்து மின்சாரம் போனால் மலையில் எப்போது திரும்ப வரும் என்று யாருக்கும் தெரியாது. அங்கே நாலரை மணி நேரம் சார்ஜ் நிற்கும் அதிவேகக் கருவி பெரிதா, பெட்டிக்கடையில் வாங்கிய பேட்டரியில் வாரக்கணக்கில் ஓடும் மெதுவான கருவி பெரிதா? கணக்கெழுத, குறிப்பெழுத, பாக்கிப் பட்டியல் வைக்க என்றால் நான் தயங்காமல் இரண்டாவதைச் சொல்வேன். இவற்றின் திரைகள் வெயிலைத் திருப்பி அனுப்பிப் பிரகாசமாவதால் மரவள்ளிக் காட்டின் நடுவில் நின்றும் படிக்கலாம்!

1899 என்ற எண்ணின் மந்திரம் தெரியுமா?

இரண்டு பழைய கருவிகளில் எது வேகம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? 1981-ல் பைட் என்ற அமெரிக்க இதழ் ஒரு சோதனையை வெளியிட்டது. அதற்கு அடிப்படை, 2,200 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த எரடோஸ்தனீஸ் என்ற கிரேக்க அறிஞர் சொன்ன சல்லடை முறை! 3-லிருந்து ஒற்றைப்படை எண்களை வரிசையாக எழுது. 3-இன் மடங்குகளை அடி. 5-இன் மடங்குகளை அடி. மிஞ்சுபவை பகா எண்கள். பைட் இதழின் சோதனையில் 16,383 வரை போக வேண்டும். ஒழுங்காகச் செய்த எந்தக் கணினியும் கடைசியில் சொல்ல வேண்டிய விடை 1899. கிரே சூப்பர் கணினியானாலும் சரி, சையான் ஆனாலும் சரி, 1899-தான்! விடை மாறினால் கருவியிலோ நிரலிலோ கோளாறு. விடை சரியென்றால் எத்தனை நொடி ஆனது என்று பார்த்தால் போதும்.

சையானில் ஓபிஎல் என்ற நிரல்மொழி உள்ளேயே உண்டு. ஆண்ட்ராய்டு என்றால் பைதான் செயலி ஒன்றைப் போட்டுக்கொள்ளலாம். பத்து வரி நிரல் போதும். ஆனால் ஒரு கருவியில் பைதானிலும் இன்னொன்றில் வேறு மொழியிலும் ஓட்டிவிட்டு ஒப்பிடாதீர்கள். அது மொழிகளுக்கான பந்தயம் ஆகிவிடும்.

இன்னொரு சோதனை ட்ரைஸ்டோன். 1984-ல் ரைன்ஹோல்ட் வைக்கர் எழுதியது. அதற்கு அளவுகோலாக நின்றது வேக்ஸ் 11/780 என்ற அலமாரி அளவுக் கணினி. நொடிக்கு 1,757 சுற்று அது ஓடியது. அதை 1 என்று வைத்துக்கொண்டார்கள். அந்தக் கணக்கில் சிம்ப்யூட்டரின் ஸ்ட்ராங்ஆர்முக்கு எவ்வளவு தெரியுமா? 235! பல்கலைக்கழகங்கள் பொத்திப் பாதுகாத்த அலமாரிகள் 235 சேர்ந்தது ஒரு கையகலப் பெட்டிக்குள்!

ஒரே பெயர், இரண்டு உலகம் தெரியுமா?

2011 அக்டோபரில் டெல்லியில் வெளியிடப்பட்ட ஆகாஷ் டேப்லெட் நினைவிருக்கிறதா? அரசு ஒரு கருவிக்குக் கொடுத்த விலை 2,276 ரூபாய். உள்ளே 366 மெகாஹெர்ட்ஸ், 256 மெகாபைட் நினைவகம், அழுத்தித் தொட வேண்டிய திரை, ஆண்ட்ராய்டு 2.2. அடுத்த ஆண்டு நவம்பரில் ஆகாஷ் 2 வந்தது: 1 கிகாஹெர்ட்ஸ், 512 மெகாபைட், மெதுவாகத் தொட்டாலே போதுமான திரை, ஆண்ட்ராய்டு 4. பெயர் அதே ஆகாஷ். அனுபவமோ வானுக்கும் மண்ணுக்கும்! பழைய கருவி வாங்கும்போது பெயரைக் கேட்டால் போதாது. பின்பக்கம் பொடியாக அச்சிட்டிருக்கும் மாடல் எண்ணைப் பாருங்கள்.

மதிப்பெண்களிலும் இதே சிக்கல். கீக்பெஞ்ச் 5-ல் 1000 என்பது ஓர் ஐ3 கணினியின் அளவு. கீக்பெஞ்ச் 6-ல் 2500 என்பது ஓர் ஐ7 கணினியின் அளவு. ஒரு கருவிக்கு 5-லும் மற்றதற்கு 6-லும் எடுத்த எண்ணைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அந்த ஒப்பீடு செல்லாது.

கருவியே பொய் சொல்லும் தெரியுமா?

2013-ல் சாம்சங் கேலக்ஸி எஸ்4 போனை ஆனந்த்டெக் இணையதளம் சோதித்தது. மதிப்பெண் போடும் செயலி ஓடும்போது மட்டும் படக்காட்சிச் சில்லு 532 மெகாஹெர்ட்ஸ் வரை ஏறியது. மற்ற நேரத்தில் 480-ஐத் தாண்டவில்லை! சோதனை வந்ததை மோப்பம் பிடித்துத் தம் கட்டி ஓடியிருக்கிறது. அதனால்தான் சொல்கிறேன், மதிப்பெண்ணை ஒரு துப்பாக மட்டும் வையுங்கள். நீங்கள் செய்யப் போகும் வேலையைக் கொடுத்துப் பாருங்கள். பாடநூல் கழகத்தின் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தின் பிடிஎஃப்பை ஒரு மெமரி கார்டில் எடுத்துப்போய், கடையிலேயே திறந்து, நடுப்பக்கத்துக்குத் தாவுங்கள். படம் நிறைந்த பக்கம் எத்தனை நொடியில் தெளிகிறது? அதைவிட நேர்மையான சோதனை எனக்குத் தெரியாது.

சோதனையை ஒரு தடவையோடு நிறுத்தாதீர்கள். முதல் ஓட்டம் எல்லாருக்கும் அழகாக வரும். தொடர்ந்து கால் மணி நேரம் ஓடவிட்டால் சில்லு சூடாகும்; சூடு ஏறினால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைத் தானே குறைக்கும். சித்திரை மாத மதியம் கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்தில் எடுத்த எண்ணும், அதே நாள் மாலை வெள்ளிமலைக் குளிரில் எடுத்த எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. இரண்டு கருவிகளை ஒப்பிட்டால் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், இரண்டையும் ஒரே அளவு சார்ஜில் வைத்து ஒப்பிடுங்கள்.

பேட்டரியை மாற்றினால் வேகம் கூடும் தெரியுமா?

நம்ப முடியவில்லையா? பேட்டரி நலிந்த பழைய ஐபோன்களின் வேகத்தைத் தன் மென்பொருள் குறைக்கிறது என்பதை 2017 டிசம்பரில் ஆப்பிள் ஒப்புக்கொண்டது. நலிந்த பேட்டரியால் திடீரென்று அதிக மின்சாரம் தர முடியாது. தரச் சொன்னால் போன் அணைந்துவிடும். அதைத் தடுக்க வேகத்தைக் கட்டிப்போட்டார்கள். புது பேட்டரி போட்டவர்களுக்குப் பழைய வேகம் திரும்பக் கிடைத்தது! 2020-ல் பிரான்ஸ் அரசு ஆப்பிளுக்கு விதித்த அபராதம் 2.5 கோடி யூரோ. ஆகவே மெதுவாக இருக்கிறதே என்று ஒரு நல்ல கருவியை ஒதுக்கும் முன், பேட்டரி எத்தனை வயது என்று கேளுங்கள்.

கெடாமலே காலாவதியாகும் தெரியுமா?

சில்லு நன்றாக இருக்கும், திரை நன்றாக இருக்கும், வைஃபையும் கிடைக்கும். ஆனால் இணையதளம் திறக்காது! இணையதளங்களின் பாதுகாப்புக்கு வேர்ச்சான்றிதழ் என்று ஒன்று உண்டு. உலகில் ஏராளமான தளங்கள் நம்பியிருந்த அப்படி ஒரு சான்றிதழ் 2021 செப்டம்பர் 30-ல் காலாவதியானது. ஆண்ட்ராய்டு 7.1.1-க்கு முந்தைய கருவிகளிடம் அதற்கு மாற்றான புதிய சான்றிதழ் இல்லை. தற்காலிகமாக ஓர் ஏற்பாடு செய்து 2024 வரை ஓட்டினார்கள். ஆண்ட்ராய்டு 5-க்குக் கீழே வாட்ஸ்அப்பும் கிடையாது. ஆண்ட்ராய்டு 2.2 போன்றவற்றில் தமிழே கட்டம் கட்டமாகத்தான் தெரியும். எனவே குறிப்பேட்டைத் திறந்து 'கொக்கு', 'நெய்', 'ஸ்ரீ' என்று மூன்று சொல் அடித்துப் பாருங்கள். கொம்பு தன் இடத்தில் நிற்கிறதா? நிற்காவிட்டால் எத்தனை கிகாஹெர்ட்ஸ் இருந்தும் நம் பிள்ளைகளுக்கு அது உதவாது.

மலைக்கு ஏற்ற அலைவரிசை எது தெரியுமா?

கல்வராயன் மலையில் வாங்குகிறவருக்கு மேலே சொன்ன எல்லாவற்றையும்விட இது முக்கியம். குறைந்த அலைவரிசை தூரம் போகும். மரத்தையும் சுவரையும் தாண்டி நுழையும். அதனால்தான் 700 மெகாஹெர்ட்ஸ் மலைக்கும் காட்டுக்கும் தங்கம் போன்றது. சிக்னல் எட்டாத கிராமங்களுக்கு 4ஜி கொண்டுசெல்லும் பிஎஸ்என்எல் திட்டத்துக்கு மத்திய அரசு 2022 ஜூலையில் 26,316 கோடி ரூபாய் ஒதுக்கியது. கணக்கில் வந்தவை நாடெங்கும் 24,680 கிராமங்கள்! பிஎஸ்என்எல் 4ஜி-க்குப் பயன்படுத்தும் அலைவரிசைகளில் ஒன்று பேண்ட் 28, அதாவது அந்த 700. இங்கேதான் சிக்கல். இந்தியாவில் விற்ற பழைய 4ஜி கருவிகள் பலவற்றில் பேண்ட் 28 இல்லவே இல்லை! பேண்ட் 3, 5, 40 மட்டும் இருக்கும். பக்கத்து மலையில் கோபுரம் நிற்கும், கருவிக்குக் கண் தெரியாது.

கடையில் "அண்ணே, 4ஜி வருமா?" என்று கேட்டால் வரும் என்றுதான் சொல்வார், அவர் சொல்வதும் பொய்யில்லை, கள்ளக்குறிச்சி டவுனில் வரும். "எந்தெந்த பேண்ட் வரும்?" என்று கேளுங்கள். மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு தயாரிப்பு நிறுவனத்தின் விவரப் பக்கத்தில் நீங்களே பாருங்கள். உங்கள் ஊரில் எந்த நிறுவனத்தின் சிம் எடுக்கிறதோ, அந்த சிம்மை எடுத்துப்போய்ப் போட்டுப் பேசியும் பாருங்கள்.

கையோடு *#06# அடித்து வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை, கேஒய்எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளுக்குப் பின் ஓர் இடம் விட்டுத் தட்டி, 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். திருட்டுப் புகாரில் முடக்கப்பட்ட கருவியா என்று தெரிந்துவிடும். பழைய உரிமையாளரின் கூகுள் கணக்கை அவரே நீக்கியிருக்கிறாரா என்பதையும் அங்கேயே பாருங்கள். இல்லாவிட்டால் வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் அழித்தபிறகு அது அவருடைய கடவுச்சொல்லைத்தான் கேட்கும். இரண்டும் சரி, பேண்ட் 28 உண்டு, கொம்பு இடத்தில் நிற்கிறது, அறிவியல் புத்தகம் நொடியில் திறக்கிறது என்றால், விலை பேசத் தொடங்கலாம்.